இழந்த பல்லுக்கு இருவழி

மக்கள் உடம்பிலுள்ள உறுப்புக்களுள் இருமுறை பிறக்கும் பேறு பல்லுக்கே சிறப்பாக உரியது. கண்ணும் செவியும் கையும் காலும் ஒருமுறையே தோன்றி இறுதிகாறும் நம்மொடு நிற்பன. பல்லோ குழவிப் பருவத்தில் இருபதாய் முளைத்து, ஆறாம் ஆண்டு தொடங்கி ஒவ்வொன்றாய் உதிர்ந்து, மீண்டும் முப்பத்திரண்டாய் நிறைகின்றது. இதுபற்றியே வடநூலார் பறவைக்கும் பல்லுக்கும் இருபிறப்புடையது என்னும் பொருளில் ஒரே பெயரை வழங்கினர். ஆயினும், இரண்டாம் பிறப்பில் வந்த பல்லும் வீழ்ந்துவிடின், மூன்றாம் பிறப்பு இயற்கையால் அமைவதன்று. கலையறிவாலும் பொருட்செலவாலும் பொறுமையாலுமே அதனைப் பெறல் வேண்டும். அங்ஙனம் பெறுதற்கு இக்காலத்துப் பல் மருத்துவர் காட்டும் நிலையான வழிகள் இரண்டு. ஒன்று பாலம், மற்றொன்று ஊன்றுவேர். முன்னதைப் 'பிரிட்ஜ்' என்றும் பின்னதை 'இம்பிளாண்ட்' என்றும் நகரத்தார் பலரும் வழங்குவர். இவ்விரண்டனுள் எதனைக் கொள்வது என்னும் வினா என் இல்லத்தில் ஓராண்டிற்குள் இருமுறை எழுந்தது; இருமுறையும் விடை வேறுவேறாயிற்று. ஒரே வீட்டில் ஒரே மருத்துவர் இருவர்க்கு இருவகையாகக் கூறிய காரணத்தை யான் அறிந்தவாறு ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

யாங்கள் வாழ்வது திருமயிலையில், கபாலீசுவரர் கோயிற் குளத்திற்கு அணித்தான ஒரு தெருவில். கோகுலாஷ்டமியன்று அண்டை வீட்டு அம்மையார் அன்புடன் அனுப்பிய சீடைகளுள் ஒன்று, கல்லினும் வலியதாய் வெந்திருந்தது போலும், என் கீழ்வாயின் வலப்புறத்து முதற் கடைவாய்ப்பல்லை இரண்டாகப் பிளந்துவிட்டது. பிளவு வேர்வரை இறங்கிவிட்டமையால் அப்பல்லைக் களைவதன்றி வேறு வகையில்லாதாயிற்று. சில திங்கள் கழித்து என் அன்னையார்க்கும் மேல்வாயில், நெடுநாள் முன்பு வேர்ச்சிகிச்சை செய்துகொண்ட பல்லொன்று ஈறு மட்டத்தில் ஒடிந்துபோயிற்று. அப்பொழுது எனக்கு அகவை நாற்பத்தாறு, அன்னையார்க்கு எழுபத்துநான்கு.

'பல் போனால் சொல் போச்சு' என்பது நம்மவர் பழமொழி. முன்வாய்ப் பற்களைப் பொறுத்தவரை இஃது இலக்கணத்தோடும் ஒத்ததே. தகர நகரங்கள் பிறத்தற்கு நாவானது மேற்பல்லின் அடியையும், வகரம் பிறத்தற்குக் கீழிதழானது மேற்பல்லையும் சார வேண்டும் என்பதைத் தொல்காப்பியர் பிறப்பியலுள் வகுத்துரைத்துள்ளனர். யான் இழந்தது கடைவாய்ப்பல் ஆதலின் என் வகுப்பறைத் தமிழுக்குக் குறைவு நேரவில்லை. சோறு மெல்லுதலே இடர்ப்பட்டது. "வெளியே தெரியாத இடந்தானே, அப்படியே விட்டுவிட்டால் என்ன?" என்று நண்பர் சிலர் வினவினர். அதற்கு மருத்துவர் கூறிய விடை சிந்தித்தற்குரியது. பல்வரிசையென்பது ஒன்றையொன்று தாங்கி நிற்கும் கூட்டம். நடுவே ஒன்று வீழ்ந்தால், அதன் பின்னிருப்பது வெற்றிடத்தை நோக்கிச் சாயும். எதிர்த்தாடையில் நேரே நிற்பது துணையின்றி நீண்டு வெளிப்படும். சந்துகளில் உணவு தங்கிச் சொத்தைக்கு இடமுண்டாகும். பல்லைத் தாங்கிய எலும்போ, தாங்குதற்கு ஒன்றும் இல்லாமையால், கரையத் தொடங்கும். பல் களைந்த முதலாண்டிலேயே அவ்விடத்து எலும்பின் அகலத்தில் ஏறக்குறைய பாதி குறைந்துவிடும் என்பர். கழற்றி மாட்டும் செயற்கைப்பல் ஒன்று குறைந்த செலவில் அமைத்துக் கொள்ளலாம். எனினும் அஃது ஈற்றின்மேல் அமர்வதாகலின், வலியவற்றை மெல்லுதற்கு நிலையான பல்லைப்போல் உதவாது.

இனிப் பாலத்தின் இயல்பைக் கூறுவேன். வெற்றிடத்தின் இருமருங்கும் உள்ள பற்களைச் சுற்றிலும் அராவிச் சிறிதாக்கி, அவற்றின்மேல் 'கேப்' எனப்படும் உறைகளை மாட்டி, அவ்வுறைகளுக்கிடையே ஒரு போலிப்பல்லைப் பிணைத்து, மூன்றையும் ஒரே துண்டாக ஒட்டிவிடுவதே பாலம். இக்கருத்து மிகப் பழையது. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகட்கு முன்னரே இத்தாலி நாட்டு எட்ரஸ்கர் என்னும் இனத்தார் பொற்பட்டைகளால் போலிப்பற்களை அயற்பற்களோடு பிணைத்தனர். இக்காலத்துப் பாலம் இரண்டு மூன்று வாரங்களில் முடிந்துவிடும். தாடையெலும்பில் துளையிடும் அறுவை அதற்கு வேண்டுவதில்லை.

ஆயின் அதன் விலையைக் கொடுப்பவர் நோயாளி மட்டும் அல்லர். அயற்பற்கள் இரண்டுமே கொடுக்கின்றன. முழு உறை மாட்டுதற்கு ஒரு பல்லின் வெளித்தோன்றும் பகுதியில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினை அராவி எடுக்க நேரிடும். ஒருமுறை எடுத்த பல்லின் மேலோடு மீண்டும் வளர்வதன்று. உயிருள்ள பல்லாக உறை மாட்டப்பட்டவற்றுள், பத்தாண்டுகட்குள் நூற்றுக்கு ஏறக்குறைய பத்து உள்ளிருக்கும் நரம்பு மாண்டு போகின்றன என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர். அன்றியும், மூவர் சுமையை இருவர் சுமத்தல் வேண்டும். ஆகவே, சுமக்கும் பற்களின் வேர்ப்பரப்பு, இழந்த பற்களின் வேர்ப்பரப்பிற்குக் குறையாதிருத்தல் வேண்டும் என்று ஆண்டே என்னும் அறிஞர் 1926-ஆம் ஆண்டில் ஒரு விதி வகுத்தார். அடையாறு கடலொடு கலக்குமிடத்தில் 1967-ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற சிறுபாலம், பத்தே ஆண்டில், 1977-ஆம் ஆண்டில், நீரின் வேகத்தால் இடையற்றுப் போயிற்று. 'உடைந்த பாலம்' என்று ஊரார் பெயரிட்ட அதனைக் கண்டவர்க்கு, பாலத்தின் வலிமை நடுவிலன்று, தாங்கும் தூணிலும் தூண் நின்ற நிலத்திலுமே உள்ளது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஊன்றுவேரின் வழி வேறு. அதற்கும் அடையாற்றிலேயே ஓர் உவமை உண்டு. பிரம்மஞான சபைத் தோட்டத்துப் பேராலமரத்தின் நடுமரம் 1989-ஆம் ஆண்டுப் புயலில் சாய்ந்தது. ஆயினும் மரம் அழிந்திலது. கிளைகள்தோறும் இறங்கி மண்ணிற் பற்றியிருந்த விழுதுகளே தூண்களாய் நின்று அதனைக் காத்தன. அயலாரிடம் கடன் கொள்ளாது தன் விழுதைத் தானே நிலத்தில் ஊன்றுதல் போல்வதே இம்முறை. பல்லிருந்த எலும்பில் துளையிட்டு, டைட்டானியம் என்னும் உலோகத்தாலாகிய சிறு திருகாணியைப் பதித்து, எலும்பு அதனைப் பற்றிக்கொள்ளும்வரை சில திங்கள் காத்திருந்து, பின்னர் அதன்மேல் ஒரு பல்லைப் பொருத்துவர். அத்திருகாணி நான்கு மில்லிமீட்டர் அளவு பருமனும் பத்து மில்லிமீட்டர் அளவு நீளமும் உடையது. முருங்கை விதையளவே எனலாம்.

இவ்வெண்ணமும் பழமை வாய்ந்ததே. நடு அமெரிக்காவில் ஹொண்டுராஸ் நாட்டில் 1931-ஆம் ஆண்டில் அகழ்ந்தெடுத்த ஒரு கீழ்த்தாடையில், பல்வடிவாகச் செதுக்கிய கிளிஞ்சில் துண்டுகள் மூன்று பதிக்கப்பட்டிருந்தன. அத்தாடை கி.பி. 600-ஆம் ஆண்டளவினது என மதிப்பர். எனினும், இம்முறையை உறுதியான அறிவியலாக்கியவர் ஸ்வீடன் நாட்டுப் பேராசிரியர் பிரோனமார்க். அவர் பல் மருத்துவரும் அல்லர். 1952-ஆம் ஆண்டில் முயல்களின் கால் எலும்பினுள் இரத்தவோட்டத்தைக் காணும்பொருட்டு டைட்டானியக் கருவியொன்றைப் பதித்தார். ஆராய்ச்சி முடிந்து அதனைக் கழற்ற முயன்றபொழுது அது வாராதாயிற்று. எலும்பும் உலோகமும் ஒன்றாய்ப் பிணைந்திருந்தன. பிறர் இடையூறு என்று எண்ணி விட்டுவிடத்தக்க அதனை அவர் உதவியாக்கினர். 1965-ஆம் ஆண்டில், பிறவியிலேயே தாடைக் குறையுடைய யோஸ்டா லார்சன் என்பவர்க்கு முதன்முதலாக இவ்வேர்களைப் பதித்தார். லார்சன் 2006-ஆம் ஆண்டில் இறக்கும்வரை அவை அவர்க்குப் பயன்பட்டன. 1982-ஆம் ஆண்டில் கனடா நாட்டு டொரண்டோ நகரில் கூடிய மாநாட்டின் பின்னரே உலகப் பல் மருத்துவர் இதனைப் பரவலாக ஏற்றனர். இத்துணைச் சிறப்புடைய டைட்டானியத்தின் மூலப்பொருளாகிய இல்மனைட் என்னும் கருமணல், நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிற் கிடைப்பதொன்றாகும்.

ஊன்றுவேருக்கும் குறைகள் உள. இயற்கைப் பல் எலும்பில் நேரே புதைந்ததன்று; மெல்லிய நார்களால் தாங்கப்பெற்றது. அந்நார்களே சோற்றில் சிறு மணல் அகப்படினும் நமக்கு உடனே உணர்த்துவன. ஊன்றுவேருக்கு நார்கள் இல்லை. ஆதலின் அவ்வுணர்ச்சி மிகக் குறைவு. அதற்குச் சொத்தை வாராது. ஆனால் சுற்றியுள்ள ஈறு அழன்று எலும்பு கரையும் நோய் வரக்கூடும். நீரிழிவு கட்டுக்கடங்காதவர்க்கும், புகைப்பவர்க்கும், புகையிலை மெல்லுவோர்க்கும் அவ்வச்சம் மிகுதி. அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முயற்சியால் 1954-ஆம் ஆண்டில் தோன்றிய புற்றுநோய் நிலையம் போன்றவற்றில் வாய்ப்புற்றுக்குக் கதிரியக்கச் சிகிச்சை பெற்றோர் தாடையெலும்பு எளிதில் ஆறாது. அவர்கள் இதனை நன்கு ஆராய்ந்தே மேற்கொள்ளல் வேண்டும். கீழ்த்தாடையில் உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பும், மேல்தாடையில் காற்றறையும் அணித்தே இருத்தலின், எலும்பின் உயரத்தை அளந்தறியாது துளையிடலும் ஆகாது.

இவற்றையெல்லாம் யான் எடுத்த எடுப்பில் அறிந்தேன் அல்லேன். முதற்கண் தியாகராய நகரில் ஒரு நிலையத்திற்குச் சென்றேன். கடைவீதியில் ஆடித் தள்ளுபடி கூறுமாறு போல, இரண்டு ஊன்றுவேர் பதித்துக்கொண்டால் இவ்வளவு குறைவு என்று முன்கூடத்திலேயே ஒரு பலகை தொங்கியது. என் வாயைத் திறந்து பார்க்குமுன்னே, தவணை முறையில் பணம் செலுத்தும் தாள் என் கையில் வைக்கப்பட்டது. பின்னர் லஸ் முனைக்கு அருகில் உள்ள மற்றொரு மருத்துவரிடம் சென்றேன். அவர் அரைமணி நேரம் ஒன்றும் விலை கூறாது, இழந்த பல்லின் இடத்தை விட்டு, அதன் அயற்பற்களையே தட்டியும் அசைத்தும் எக்ஸ்-ரே எடுத்தும் பார்த்தார். "சார், போன பல்லைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம், இருக்கிற பல்லைப் பற்றி முதலில் பேசுவோம்" என்றார். அச்சொல்லே இவ்வாராய்ச்சி முழுமைக்கும் திறவுகோல் என்பதை நாளடைவில் உணர்ந்தேன்.

எது நெடுநாள் நிற்கும் என்று வினவினேன். அவர் காட்டிய கணக்கு எனக்கு வியப்பைத் தந்தது. பல ஆராய்ச்சிகளை ஒருங்கு தொகுத்து ஐரோப்பிய அறிஞர் 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, பத்தாண்டு கழிந்தபின் நிலைத்து நின்ற பாலங்கள் நூற்றுக்கு 89.2, ஊன்றுவேரின்மேல் அமைந்த தனிப்பற்கள் நூற்றுக்கு 89.4. பின்வந்த ஆய்வுகள் சிலவற்றில் ஊன்றுவேர் மட்டும் பத்தாண்டு நிலைத்தல் நூற்றுக்கு 95 அளவினதாகக் காணப்பட்டது. ஆகவே, பழையது கெட்டுவிடும், புதியது என்றும் நிற்கும் என்று கூறுதல் பொருந்தாது. வேறுபாடு, நிற்பதில் அன்று, வீழும்போது எது உடன் வீழும் என்பதிலேயே உள்ளது. ஊன்றுவேர் கெடின் பெரும்பாலும் அஃதொன்றே கெடும். பாலம் கெடின், சுமந்த பற்களுள் ஒன்றையும் உடன்கொண்டு போதலும் உண்டு.

என் திறத்தில் தீர்ப்பு எளிதாயிற்று. அயற்பற்கள் இரண்டும் அடைப்பு ஒன்றும் இல்லாத நல்ல பற்கள். அவற்றை அராவுதல், கூரை ஒழுகும் வீட்டிற்காக அண்டை வீட்டுச் சுவர்களை இடித்தல் போல்வதாகும். எலும்பின் அளவும் போதியதாயிருந்தது, நீரிழிவு இல்லை, வெற்றிலை புகையிலைப் பழக்கமும் இல்லை. செலவு பாலத்திற்குக் கேட்ட தொகையினும் ஏறக்குறைய இருமடங்காயினும், ஊன்றுவேரையே கொண்டேன். பல் களைந்த புண் ஆற மூன்று திங்கள், பதித்த வேரை எலும்பு பற்ற மூன்று திங்கள், பின்னர் உறை பொருத்தச் சில வாரங்கள். இங்ஙனம் அரையாண்டுக்கு மேல் ஒருபுறமே மென்று காலம் கழித்தேன். அறுவையின் நோவு யான் அஞ்சிய அளவினதாய் இல்லை, காத்திருத்தலே பெரிதாயிருந்தது.

அன்னையார் திறத்தில்தான் வழக்கு வலுத்தது. அமெரிக்காவில் வாழும் என் தமையனார் செய்தி கேட்டவுடன், "செலவு முழுவதும் நான் தருகிறேன், உனக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்றா? அம்மாவுக்கும் இம்பிளாண்டே வைக்க வேண்டும்" என்று தொலைபேசியிற் கூறினர். அன்பின் மிகுதியால் எழுந்த சொல்லேயாயினும், விலையால் உயர்ந்ததே மருந்தாலும் உயர்ந்தது என்னும் கொள்கை அதனுள் மறைந்து கிடந்தது. தாய்க்குக் குறைந்த விலையில் ஒன்றைச் செய்துவைத்தான் என்னும் பழி என்மேல் வருமே என்று யானும் உள்ளுக்குள் நடுங்கினேன். மருத்துவரோ முன்போலவே அயற்பற்களை நோக்கினர். ஒரு பல் முன்னமே வேர்ச்சிகிச்சை பெற்றது. மற்றொன்றில் பாதிக்கு மேல் பழைய அடைப்பு. இரண்டிற்கும் எவ்வாற்றானும் உறை மாட்டியே ஆகவேண்டும். மேலே காற்றறை தாழ்ந்திருந்தமையால், ஊன்றுவேருக்கு முன்னர் எலும்பு ஒட்டும் அறுவை வேறு வேண்டியிருந்தது. அன்னையார்க்கு நீரிழிவு உண்டு. எலும்பு மெலிவிற்காகப் பல்லாண்டாக வாரம் ஒரு மாத்திரை உட்கொள்பவர். அவ்வகை மாத்திரை உண்பவர்க்குத் தாடையில் அறுவை செய்தால், அரிதாகவேனும், புண் ஆறாது எலும்பு மாண்டுபோகக்கூடும். "அம்மா, உங்களுக்குப் பாலமே நல்லது. எப்படியும் உறை போட வேண்டிய இரண்டு பற்கள் மூன்றாவதையும் தாங்கிக்கொள்ளும்" என்றார் மருத்துவர்.

அன்னையாரே தமையனாரோடு பேசினர். "நீ அனுப்பும் பணத்தால் என் எலும்பு இளமையாகிவிடாதப்பா. டாக்டர் படத்தை உனக்கு அனுப்புவார், பார்த்துவிட்டுச் சொல்" என்றனர். படத்தைக் கண்டு, தம்மூர் மருத்துவர் ஒருவரையும் உசாவியபின் தமையனார் உடன்பட்டனர். மூன்று வாரத்தில் பாலம் அமைந்தது. இரவுதோறும் அதன் அடியில் நூலை நுழைத்துத் துடைக்கும் சிறு கடமையை அன்னையார் விளக்கேற்றுவது போலத் தவறாது செய்து வருகின்றனர்.

இதிலிருந்து யான் கற்றது மற்றொன்றும் உண்டு. மருத்துவர் தமிழிலே விளக்கியமையால்தான் எழுபத்துநான்கு அகவையினரான அன்னையார் தம் வாய்க்குத் தாமே தீர்ப்புக் கூற முடிந்தது. விளங்காத சொற்களுக்குத் தலையசைத்தல் உடன்பாடு ஆகாது. மிஷன் கல்லூரியில் பயிலும் நமக்கு இவ்விடத்தில் ஒருவர் பெயர் நினைவிற்கு வரல் வேண்டும். 1847-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்து, தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தும் மருத்துவ நூல்களைத் தமிழாக்கியும் உழைத்தனர். நோயாளியின் மொழி மருத்துவத்தின் ஒரு கருவி என்பதை அவர் அறிந்திருந்தனர்.

ஆதலின், பல்லிழந்தார் எவரேனும் இவ்விரு வழிகளின் நடுவே நின்று மயங்குவராயின், விலையைக் கேட்குமுன் நான்கு வினாக்களைக் கேட்பாராக. அயற்பற்கள் நல்லனவா, முன்னமே பழுதுற்றனவா? அவ்விடத்து எலும்பு எவ்வளவு உள்ளது? என் உடல்நோயும் உண்ணும் மருந்தும் அறுவைக்கு இடந்தருமா? இது கெட்டால் உடன் கெடுவது எது? இவற்றிற்கு விடை கூறும் மருத்துவரை நம்பலாம். கூறாதாரை விட்டு மற்றொருவரை நாடலாம். பொருள் குறைந்தார்க்குக் கோட்டை இரயில் நிலையத்திற்கு எதிரே, 1953-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கிய அரசினர் பல் மருத்துவக் கல்லூரி உண்டு; பயிற்றும் மருத்துவமனைகளில் விற்பனைப் பேச்சுக்கு இடமில்லை.

மாணவ நண்பர்காள், நும்மிற் பெரும்பாலார்க்கு இக்கட்டுரை இன்று வேண்டுவதன்று. அவ்வாறே என்றும் வேண்டாதிருப்பதாக. எனினும் நும் இல்லங்களில் பெற்றோரும் பாட்டன் பாட்டிமாரும் உளர். அவர்கள் மருத்துவரிடம் செல்லும் நாளில் உடன் சென்று, அவர்கள் பொருட்டு இந்நான்கு வினாக்களையும் கேட்டு, விடையைத் தமிழில் அவர்கட்கு விளக்குவீராயின், கல்வியின் பயன்களுள் ஒன்றை அன்றே பெற்றீராவீர்.